செஞ்சிக் கோட்டை: மதிலும் சுனையும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலை செஞ்சி ஊரைக் கடந்ததும் ஒரு மதிலைப் பிளந்துகொண்டு உள்ளே நுழைகிறது. சிறிது தூரம் போய் இன்னொரு மதில் வழியாக வெளியேறுகிறது. பேருந்தில் தூங்கிக்கொண்டு போகிறவர் ஒரு கோட்டைக்குள் புகுந்து வந்ததையே அறியமாட்டார். சாலைக்கு வடக்கே நிற்பது கிருஷ்ணகிரி. தெற்கே, சற்று மேற்குத் தள்ளி எழுவது ராஜகிரி. தென்கிழக்கில் இருப்பது சந்திரகிரி, அதாவது சந்திராயன் துர்க்கம். இந்த மூன்று மலைகளையும் முக்கோணமாக இணைத்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் ஓடுகிறது. விழுப்புரம் மாவட்டத்தில், சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், புதுச்சேரிக்கு வடமேற்கே இது அமைந்திருக்கிறது.

மலை என்று சொன்னாலும் இவை மண் மூடிய மலைகள் அல்ல. யாரோ கொட்டிவிட்டுப் போனதுபோல் கருங்கல் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் குன்றுகள். வீடு அளவுள்ள பாறை, அதன் இடுக்கில் முட்புதர், அதற்குமேல் இன்னொரு பாறை என்றுதான் உச்சிவரை போகும். கோட்டை கட்டியவர்களுக்குப் பாதி வேலையை மலையே செய்து வைத்திருந்தது. பல இடங்களில் பாறைக்கும் பாறைக்கும் நடுவிலுள்ள சந்தை அடைத்தாலே அது மதிலாகிவிட்டது. உயரமான ராஜகிரி தரையிலிருந்து சுமார் 800 அடி எழுகிறது. அதன் ஒரு பக்கம் செங்குத்தாக இறங்குகிறது, மறுபக்கத்தில்தான் படி. உச்சிப் பாறைக்கும் அதற்கு முந்திய பாறைக்கும் நடுவே 24 அடி அகலத்தில் 60 அடி ஆழமான பிளவு ஒன்று உண்டு. இயற்கையாக இருந்த பிளவை வெட்டி ஆழப்படுத்தியிருக்கிறார்கள். அதன்மேல் போட்டிருந்த மரப்பாலத்தை இழுத்துவிட்டால் உச்சி தனித்தீவாகிவிடும். பத்துப் பேர் நின்றால் ஒரு படையைத் தடுக்கலாம் என்று பிற்காலத்துப் படைத்துறை எழுத்தாளர்கள் மதிப்பிட்டது இந்த ஓர் இடத்தை வைத்துத்தான்.

ஊரின் பெயருக்கு இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. கன்னிமார் எழுவரில் ஒருத்தியான செஞ்சியம்மனின் பெயரே ஊருக்கு வந்தது என்பது மக்கள் சொல்வது. சிங்கபுரம் என்ற பழைய பெயர் தேய்ந்து செஞ்சியானது என்பது கல்வெட்டை வைத்துச் சொல்வது. அருகிலுள்ள சிங்கவரம் அந்தப் பெயரை இன்றும் வைத்திருக்கிறது. ஆண்டவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் விருப்பப்படி பெயரை மாற்றியும் பார்த்தார்கள். பீஜப்பூர் சுல்தான்கள் பாதுஷாபாத் என்றார்கள். மராத்தியர் வாயில் அது சந்தி, சஞ்சி என்று திரிந்தது. முகலாயர் நுஸ்ரத்கட் என்றார்கள். ஐரோப்பியர் ஜிஞ்சி என்று எழுதியது மட்டும் ஆங்கில வரைபடங்களில் நிலைத்துவிட்டது. ஊர்க்காரர்கள் எல்லாக் காலத்திலும் செஞ்சி என்றே சொல்லி வந்திருக்கிறார்கள்.

கோட்டைக்கு முன்பே இந்த வட்டாரத்தில் பாறையில் கை வைத்தவர்கள் பல்லவர்கள். பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் சிவனுக்கும், சிங்கவரத்தில் பள்ளிகொண்ட அரங்கநாதருக்கும் குடைவரைகள் உள்ளன. திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர்களைப் பாறை முகத்தில் செதுக்கி வைத்த சமணர்கள், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் பெயரையும் அங்கே பொறித்திருக்கிறார்கள். அக்காலத்தில் இந்த மலைகள் தவத்துக்கும் வழிபாட்டுக்கும் ஒதுங்கும் இடங்கள். அவற்றைக் காவலுக்குரிய இடமாகப் பார்த்த கண் பிறகுதான் வந்தது.

அந்தக் கண் ஓர் ஆட்டிடையனுடையது என்கிறது மரபு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயண பிள்ளை என்பவர் எழுதிவைத்த ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ இந்தக் கதையைச் சொல்கிறது. ஆனந்தக் கோன் என்ற இடையர் குலத் தலைவன் மலையில் ஆடு மேய்க்கும்போது புதையல் கண்டான். அதைக்கொண்டு ஆள் சேர்த்து, 1200ஆம் ஆண்டை ஒட்டி அங்கே ஒரு சிறிய கோட்டை கட்டினான். அதுவரை கமலகிரி என்று வழங்கிய மலை, இன்றைய ராஜகிரி, ஆனந்தகிரி ஆயிற்று. அவன் மகன் கிருஷ்ணக் கோன் வடக்கு மலையைக் காவல்படுத்தினான். கிருஷ்ணகிரி என்ற பெயர் அதனால் வந்தது. புதையலை நம்பத் தேவையில்லை. ஆனால் மலையின் எந்த இடுக்கில் கோடையிலும் தண்ணீர் வற்றாது, எந்தப் பக்கம் ஆடுகூட ஏற முடியாது என்பதை மேய்ப்பவனைவிட நன்றாக அறிந்தவன் யார்? அந்த அளவில் கதை பொருத்தமாகவே இருக்கிறது.

கோட்டை இன்று காணும் பெருவடிவத்தை அடைந்தது விஜயநகரப் பேரரசின் கீழும், அதன் பிரதிநிதிகளாக வந்து பிறகு தாங்களே அரசர்களான நாயக்கர்களின் கீழும். தஞ்சை, மதுரை நாயக்கர்களுக்குக் கிடைத்த புகழ் செஞ்சி நாயக்கர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பாலாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நாடு அவர்கள் கையில் இருந்தது. அதோடு ஒரு நீண்ட கடற்கரையும். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கரைக் காண வந்த பிமெண்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், இந்த நகரைக் கிழக்கின் டிராய் என்று வியந்து எழுதினார். லிஸ்பனைத் தவிர்த்தால் போர்ச்சுகலில் இவ்வளவு பெரிய நகரம் இல்லை என்றும் மதிப்பிட்டார். கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கால் வைத்ததும் செஞ்சியின் அனுமதியோடுதான். அரிசி, துணி, சுங்கம் ஆகிய மூன்றும் கடற்கரையிலிருந்து மலைக்கு ஏறின.

நாயக்கர் காலத்துச் செஞ்சியைப் புரிந்துகொள்ள மதிலைவிடத் தண்ணீரையும் தானியத்தையும் பார்ப்பது நல்லது. முற்றுகையில் ஒரு கோட்டை தாக்குப்பிடிப்பது மதிலின் கனத்தைப் பொறுத்து மட்டும் அல்ல, உள்ளே எத்தனை மாதத்துக்குச் சோறும் நீரும் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ராஜகிரியின் அடிவாரத்து உட்கோட்டையில் இருக்கும் களஞ்சியக் கட்டடம் இதற்குச் சான்று. மிகக் கனமான சுவரும் வளைவான மேற்கூரையும் கொண்ட நீண்ட கூடம் அது. நெல்லை மேலிருந்து கொட்டி நிரப்பும்படி அமைந்தது. இன்று உள்ளே நுழைந்தால் வௌவால் வாடையும் எதிரொலியும்தான் மிச்சம். ராஜகிரியின் உச்சியிலும் ஒரு களஞ்சியம் உண்டு. கிருஷ்ணகிரி மேலே இரண்டு உண்டு. கிருஷ்ணகிரியில் எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று ஊரார் காட்டும் தொட்டிகளும் இருக்கின்றன. அடிவாரம் பறிபோனாலும் மலை தனியாகச் சில காலம் தாங்க வேண்டும் என்ற கணக்கில் செய்த ஏற்பாடு இது. அதாவது செஞ்சி ஒரு கோட்டை அல்ல. ஒன்றையொன்று நம்பாமலும் வாழக்கூடிய மூன்று கோட்டைகள்.

தண்ணீருக்குச் செய்த ஏற்பாடு இன்னும் நுட்பமானது. மலை மேல் வற்றாத சுனைகள் உண்டு. அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம், யானைக்குளம் ஆகியவை உண்டு. பாறைச் சரிவில் விழும் மழைநீர் வீணாகாமல் குளத்தில் வந்து சேரும்படி வாட்டம் அமைத்திருக்கிறார்கள். உட்கோட்டையின் நடுவே நிற்கும் கல்யாண மகால் இந்த நீர்வேலையின் உச்சம். சதுரமான முற்றம், அதைச் சுற்றி அறைகளும் தாழ்வாரமும், நடுவில் எட்டு அடுக்குக் கோபுரம், கூம்பு வடிவக் கூரை. அடுக்குக்கு ஓர் அறைதான். அந்தப்புரப் பெண்களுக்காகக் கட்டியது என்பது வழக்கு. மேல் அடுக்குகள்வரை மண்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறியது. தொலைவில், உயரமான இடத்தில் இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் பதித்து, தண்ணீர் தன் மட்டத்தைத் தானே தேடும் இயல்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சுவருக்குள் உடைந்து தெரியும் அந்தக் குழாய்த் துண்டுகளைப் பார்வையாளர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எல்லோரும் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சக்கரக்குளத்தின் பக்கத்தில் இதற்கு நேர்மாறான ஒரு கிணறும் இருக்கிறது. ஒரு பெரும்பாறையின் மேல் இயற்கையாக அமைந்த குழியைச் சுற்றிச் செங்கல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். மரண தண்டனை பெற்றவர்களை அதில் தள்ளிப் பட்டினியால் சாக விட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. பெயர் கைதிக் கிணறு. அதில் தண்ணீர் இருந்ததில்லை.

சமதளத்தில் மதிலைச் சுற்றி அகழி ஓடுகிறது. மதிலின் கனம் சில இடங்களில் 60 அடி, அகழியின் அகலம் 80 அடி என்று தொல்லியல் துறையின் குறிப்புகள் சொல்கின்றன. வாயில்கள் நேராகத் திறப்பதில்லை. ஒன்றைத் தாண்டினால் ஒரு முற்றம். அதில் திரும்பினால்தான் அடுத்த வாயில். யானையோ மரத்தடியோ கொண்டு ஓடிவந்து மோதுவதற்கு இடம் கொடுக்காத அமைப்பு. வேலூர் வாயில் என்றும் ஆற்காட்டு வாயில் என்றும் சொல்லப்படுவது வடக்கே. புதுச்சேரி வாயில் கிழக்கே. புதுச்சேரி வாயிலின் இன்றைய வடிவம் ஃபிரெஞ்சுக்காரர் காலத்தது.

இவ்வளவு ஏற்பாடும் இருந்த கோட்டை ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேலான காலத்தில் ஏழு முறை கைமாறியது. எப்படிக் கைமாறியது என்பதில்தான் செஞ்சியின் வரலாறு சுவையாகிறது.

முதல் மாற்றம் 1649இல். விஜயநகரத்தின் எச்சமாக வேலூரில் இருந்த ஸ்ரீரங்கராயருக்கும் தெற்கத்து நாயக்கர்களுக்கும் நடுவே மூண்ட பகையில் பீஜப்பூர், கோல்கொண்டா சுல்தான்களின் படைகள் உள்ளே வந்தன. பீஜப்பூர்ப் படையைத் துணைக்கு அழைத்த மதுரைத் திருமலை நாயக்கரின் வீரர்களே கடைசியில் செஞ்சிக்குள் அகப்பட்டுக்கொண்டு பீஜப்பூரை எதிர்க்க வேண்டிய நிலை வந்தது. மதுரை வீரர்களுக்கும் செஞ்சி வீரர்களுக்கும் உள்ளே சண்டை மூண்டு, அந்தக் குழப்பத்தில் வாயில் திறந்தது என்று அக்காலத்து ஏசு சபைக் கடிதங்கள் தெரிவிக்கின்றன. நாயக்கர் ஆட்சி அத்தோடு முடிந்தது.

1677இல் சிவாஜி தெற்கே படையெடுத்து வந்தபோது செஞ்சியில் போரே நடக்கவில்லை. பீஜப்பூர் ஏற்கெனவே உள்ளுக்குள் உடைந்திருந்தது. கோட்டையை வைத்திருந்த நாசிர் முகமது கான் பணத்துக்கும் நிலவருவாய்க்கும் ஈடாக அதைக் கொடுத்துவிட்டார். இதே பயணத்தில் சிவாஜியின் படை வளைத்த வேலூர்க் கோட்டை, சமதளத்தில் இருந்தும், ஓராண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது. கைக்கு வந்த செஞ்சியைச் சிவாஜி அப்படியே விட்டுவிடவில்லை. பழைய கட்டடங்கள் பலவற்றை இடித்தும் புது மதிலும் கொத்தளமும் எழுப்பியும் அவர் வேலை வாங்கியதை அப்போது இந்தப் பக்கம் இருந்த பாதிரியார்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தலைநகர் ராய்கட்டிலிருந்து இவ்வளவு தொலைவில் ஒரு கோட்டைக்கு ஏன் இந்தச் செலவு என்ற கேள்விக்கு விடை 12 ஆண்டுகள் கழித்து வந்தது.

1689இல் சிவாஜியின் மகன் சம்பாஜியை முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் பிடித்துக் கொன்றார். ராய்கட் வீழ்ந்தது. சம்பாஜியின் தம்பி ராஜாராம் மாறுவேடத்தில், சில துணைவர்களோடு, கேளடி அரசி சென்னம்மாவின் நாட்டு வழியாகத் தெற்கே தப்பி வந்து அந்த ஆண்டின் இறுதியில் செஞ்சியை அடைந்தார். மராத்திய அரசின் தலைநகர் அப்போது முதல் தமிழ்நாட்டில் இருந்தது. இங்கே அமைச்சர்கள் இருந்தார்கள், அரசவை கூடியது, மகாராஷ்டிரத்தில் போரிட்ட தளபதிகளுக்குப் பட்டங்களும் நிலப்பட்டயங்களும் இங்கிருந்து போயின. கையில் இல்லாத நிலத்துக்கே பட்டயம் எழுதினார்கள். முகலாயரிடமிருந்து பிடித்துக்கொள், பிடித்தது உனக்கு என்பதுதான் அதன் பொருள்.

பணம் வேண்டியிருந்தது. 1690இல் தேவனாம்பட்டினக் கோட்டையை ராஜாராமின் அரசு ஆங்கிலேயருக்கு விற்றது. அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிகு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதை அளக்க ஒரு பீரங்கியை நாலு திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைவரை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டை பிறந்த கதை இது. புதுச்சேரியும் செஞ்சியின் ஆட்சிக்கு உட்பட்டதுதான். ஃபிரெஞ்சுக்காரர் அங்கே இருக்கும்போதே அதன் உரிமையை டச்சுக்காரர் ராஜாராமிடம் விலைபேசி, 1693இல் படையோடு வந்து பிடித்துக்கொண்டார்கள். மலையைக் காப்பாற்றுவதற்காகக் கடற்கரை துண்டு துண்டாக விலைக்குப் போயிற்று.

முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690 செப்டம்பரில் செஞ்சிக்கு முன்னால் பாசறை போட்டார். முற்றுகை 1698வரை இழுத்தது. எட்டு ஆண்டு முற்றுகை என்று புத்தகங்கள் சொன்னாலும், எட்டு ஆண்டும் கோட்டை முழுவதும் வளைக்கப்பட்டிருந்ததாக எண்ணக்கூடாது. 13 கிலோமீட்டர் மதிலை வளைத்து நிற்க எந்தப் படைக்கும் ஆள் போதாது. ஒரு பக்கம் பீரங்கி முழங்கும்போது மறுபக்கம் நெல்மூட்டை உள்ளே போய்க்கொண்டிருந்தது. தஞ்சை மராத்திய அரசர் ஷாஜியும் உதவி அனுப்பிவந்தார். முற்றுகையிட்டவர்களுக்கே சில பருவங்களில் சோறு கிடைக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசறை சேறாயிற்று, காய்ச்சல் பரவியது. வெடிமருந்துக்குச் சென்னை ஆங்கிலேயரை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

1692 டிசம்பரில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் மகாராஷ்டிரத்திலிருந்து குதிரைப்படையோடு வந்து இறங்கியதும் முற்றுகையிட்டவர்கள் முற்றுகைக்கு ஆளானார்கள். ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ் அப்போது பாசறையில் இருந்தார். அவர் ராஜாராமோடு ரகசியப் பேச்சு நடத்துவது தெரிந்ததும் சுல்பிகார் கானும் அவருடைய தந்தை, வசீர் அசாத் கானும் இளவரசரையே காவலில் வைத்தார்கள். பிறகு மராத்தியரோடு உடன்பாடு பேசி, பாசறையைக் கலைத்துக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். தன் மகனைத் தன் தளபதி சிறைவைத்த செய்தி பேரரசருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

1694இன் இறுதியில் முற்றுகை மீண்டும் தொடங்கியது. ஆனால் அதில் வேகம் இல்லை. வயது முதிர்ந்த ஔரங்கசீப் எப்போது வேண்டுமானாலும் இறந்துவிடலாம். இறந்தால் வாரிசுப் போர் வெடிக்கும். அப்போது தெற்கே தனக்கென ஒரு நாடு வேண்டும் என்று சுல்பிகார் கான் கணக்குப் போட்டார், அதனால் மராத்தியரோடு மறைவான புரிதலில் இருந்தார் என்பது அக்காலத்தவர் பலருடைய ஐயம். முகலாயப் படையில் தல்பத் ராவ் புந்தேலாவின் கீழ் பணிபுரிந்த பீம்சேன் என்ற கணக்கர் பாரசீகத்தில் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகள் இந்தப் போரை உள்ளிருந்து பார்த்தவரின் சாட்சியம். கடைசியில் பேரரசரின் பொறுமை தீர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகே தாக்குதல் உண்மையாக நடந்தது. 1698இன் தொடக்கத்தில் முகலாயர் ஏணி வைத்து ஏறினார்கள். தாவூத் கான் பன்னி சந்திரகிரி வழியாகவும், தல்பத் ராவின் புந்தேலர்கள் வடக்குப் பக்கமாகவும் புகுந்தார்கள். ராஜாராம் அங்கே இல்லை. முன்பே தப்பி வேலூர் வழியாக மகாராஷ்டிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய குடும்பத்தினர் பலர் சிறைப்பட்டார்கள். எட்டு ஆண்டு உழைப்புக்கு முகலாயருக்குக் கிடைத்தது வெறும் மலை. ஆனால் அந்த எட்டு ஆண்டில் மகாராஷ்டிரத்தில் மராத்தியர் மீண்டும் எழுந்துவிட்டார்கள். சிவாஜி செய்த செலவுக்குக் கணக்கு இதுதான்.

சுல்பிகார் கானுக்கு நுஸ்ரத் ஜங் என்ற பட்டம் உண்டு. நுஸ்ரத்கட் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. புந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரர் சொரூப் சிங் 1700இல் கிலேதாராக, அதாவது கோட்டைத் தலைவராக, அமர்ந்தார். கோட்டைக்கும் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்கும் இடையே கப்பப் பாக்கி வளர்ந்துகொண்டே போனது. சொரூப் சிங் இறந்ததும் அவருடைய மகன் தேஜ் சிங் வடக்கேயிருந்து வந்து, கோட்டை தன் தந்தைக்குப் பேரரசர் கொடுத்தது, நவாப் கேட்பதற்கு என்ன உரிமை என்று நின்றார். தமிழர் நாவில் தேஜ் சிங் தேசிங்கு ஆனார்.

1714 அக்டோபர் 3 அன்று போர் நடந்தது. தேசிங்கு மலைமேல் அமர்ந்து வாயில்களைச் சாத்திக்கொண்டிருந்தால் நவாபின் படை மழைக்காலம் முழுவதும் அடிவாரத்தில் காய்ந்திருக்க வேண்டியதுதான். அவர் சில நூறு குதிரை வீரர்களோடு இறங்கி, வெள்ளம் ஓடிய செஞ்சி ஆற்றைக் கடந்து, வெளியில் போய்ச் சண்டையிட்டு மாண்டார். வயது 22. ஆட்சி ஓராண்டுகூட இல்லை. அவருடைய உடல் செட்டிக்குளக் கரையில் எரியூட்டப்பட்டது. மனைவி உடன்கட்டை ஏறினார். அந்தப் பெண்ணின் நினைவாகவே நவாப் ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்று சொல்லப்படுகிறது. வென்ற சாதத்துல்லா கான் கோட்டைக்குள் கட்டிய பள்ளிவாசல் பாரசீகக் கல்வெட்டோடு இன்றும் இருக்கிறது. அதன் காலம் 1717–18.

படைத்துறைக் கணக்கில் இது ஒரு சிறிய மோதல். ஆனால் செஞ்சி என்றதும் தமிழருக்கு நினைவு வருவது கிருஷ்ணப்ப நாயக்கரோ ராஜாராமோ அல்ல, தேசிங்குதான். காரணம் கதைப்பாடல். ‘தேசிங்கு ராஜன் கதை’ திண்ணைகளிலும் திருவிழாக்களிலும் பாடப்பட்டு, பிறகு மலிவுப் பதிப்பாக அச்சேறி வீடுதோறும் போனது. கதையில் தேசிங்கின் தந்தை பெயர் தேரணி சிங். டெல்லி பாதுஷாவின் அடங்காத குதிரையைச் சிறுவன் தேசிங்கு அடக்குகிறான். நீலவேணி என்ற குதிரை பேர்பெறுகிறது. உயிர்த்தோழன் மொகபத் கான் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து நேரே போர்க்களத்துக்கு வருகிறான். வடநாட்டிலிருந்து வந்த, தமிழ் பேசியிருக்கவே வாய்ப்பில்லாத ஓர் இளைஞனுக்கும் அவனுடைய முஸ்லிம் தோழனுக்கும் தமிழ்க் கிராமங்கள் அழுதிருக்கின்றன. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ படம் அந்தக் கதையைத் திரைக்குக் கொண்டுபோனது.

அடுத்த கைமாற்றம் ஒரே இரவில் முடிந்தது. 1750 செப்டம்பர் 11ஆம் நாள் இரவு, புதுச்சேரியின் ஃபிரெஞ்சு ஆளுநர் டியூப்ளே அனுப்பிய படையில் இருந்த புஸ்ஸி வெடி வைத்து வாயிலைத் தகர்த்து உள்ளே புகுந்தார். இருட்டில் மூன்று மலைகளிலும் ஒரே நேரத்தில் ஏறி, விடியும்போது ஃபிரெஞ்சுக் கொடி பறந்தது. ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்டு, சில நாட்களுக்கு முன்புதான் தோற்றிருந்த முகமது அலியின் ஓடிவந்த வீரர்கள் உள்ளே இருந்தார்கள். சண்டையிடும் மனம் அவர்களிடம் இல்லை. பகலில் ஏறிப் பார்த்தபோது, தாங்கள் இதைப் பிடித்ததை ஃபிரெஞ்சுக்காரர்களாலேயே நம்ப முடியவில்லை என்று அவர்கள் தரப்பு நூல்கள் எழுதுகின்றன. அந்த டிசம்பரில் செஞ்சியிலிருந்து புறப்பட்ட ஃபிரெஞ்சுப் படை நிஜாம் நாசிர் ஜங்கின் பாசறையைத் தாக்கியது. அந்தக் குழப்பத்தில் நாசிர் ஜங்கைக் கொன்றவர் அவர் பக்கத்திலேயே இருந்த பட்டாணிய நவாபுகளில் ஒருவர். தென்னிந்தியாவில் டியூப்ளேயின் செல்வாக்கு உச்சத்தைத் தொட்டது அப்போதுதான்.

1752இல் ஆங்கிலேயத் தளபதி கின்னீர் செஞ்சியைப் பிடிக்க வந்து, பார்த்துவிட்டுத் திரும்பினார். திரும்பும் வழியில் விக்கிரவாண்டியில் தோற்றார். ஆனால் புதுச்சேரி 1761 ஜனவரியில் வீழ்ந்ததும் செஞ்சிக்குப் பின்னால் யாரும் இல்லாமல் போயிற்று. கேப்டன் ஸ்டீபன் ஸ்மித் சில வாரங்கள் வளைத்து நின்றார். உள்ளே இருந்த படைத்தலைவர் மக்கிரிகர் நிபந்தனை பேசி ஏப்ரல் 5 அன்று கோட்டையை ஒப்படைத்தார். சோழமண்டலக் கரையில் ஃபிரெஞ்சுக்காரருக்கு மிஞ்சியிருந்த கடைசிக் கோட்டை அது. அவர்களைத் தளர்த்தியது பீரங்கியைவிடக் காய்ச்சல்தான். மலையிடுக்கில் தேங்கும் நீரும் கொசுவும் ஐரோப்பிய வீரர்களைப் பத்தாண்டுகளாகத் தின்றுகொண்டிருந்தன. கோட்டையைக் காப்பாற்றக் கட்டிய அதே குளங்கள்! 1780இல் மைசூர் ஹைதர் அலியின் படை வந்தபோது ஒரு சிறிய கம்பெனிக் காவல்தான் இருந்தது; எதிர்ப்பு அதிகம் இல்லாமல் கோட்டை கைமாறியது. மைசூர்ப் போர் ஓய்ந்ததும் ஆங்கிலேயரிடம் திரும்பியது. அதன்பிறகு அதற்குப் போர் வேலை இல்லை. 1803இல் தென்னாற்காட்டுக் கலெக்டர் அதை இடித்துவிடப் பரிந்துரைத்தார். இடிக்கவில்லை. இடிக்க ஆகும் செலவை நினைத்தால் காரணம் தெரியும்.

இடிப்பு வேறு வழியில் நடந்தது. வெளிக்கோட்டையின் பெரிய கோயில் வெங்கடரமணர் கோயில். முத்தியாலு நாயக்கர் கட்டியதாகச் சொல்லப்படுவது. வாயிலில் ராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைந்த காட்சியும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதன் ஒற்றைக்கல் தூண்கள் ஃபிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிக்குப் போயின. முதலில் டியூப்ளே சிலையைச் சுற்றி நின்ற அவை இப்போது கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. மாலையில் அங்கே காற்று வாங்க வருகிறவர்கள் சாய்ந்து நிற்பது செஞ்சி நாயக்கர் கோயிலின் தூணில்.

1921இல் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்புக்கு வந்தது. செஞ்சியின் வரலாற்றை முறையாகத் தொகுத்த நூலைச் சி.எஸ். சீனிவாசாச்சாரி எழுத, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்டது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘மராத்தியர் படைத்துறை நிலவமைப்புகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது செஞ்சி. மராத்தியர் இங்கே இருந்தது 1677 முதல் 1698வரை, 21 ஆண்டுகள்தான். நாயக்கர்கள் கட்டிய மகாலும் களஞ்சியமும், நவாபின் பள்ளிவாசலும், ஃபிரெஞ்சு வாயிலும் மராத்தியர் பெயரில் பட்டியலேறியிருப்பது சிலருக்கு உறுத்தலாம். பட்டியலுக்கு ஒரு தலைப்பு வேண்டும். கோட்டைக்கு அப்படி ஒரே தலைப்பு கிடையாது.

காணப் போகிறவர் ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒரே நாளில் ஏற முடியும், விடியலிலேயே வந்து சேர்ந்தால். ராஜகிரியின் படிகள் ஒரே சீராக இல்லை; வெயில் ஏறினால் பாறை சுடும். மேலே தண்ணீர் விற்பவர் கிடையாது. குரங்குகள் பையைப் பறிக்கும். ஏறி இறங்க மூன்று மணி நேரமாவது வேண்டும் என்பதால் பிற்பகலில் ஏற விடுவதில்லை. அடிவாரத்தில் கல்யாண மகால், களஞ்சியம், குதிரை லாயம், யானைக்குளம், குழலூதும் கண்ணன் செதுக்கிய பலகைக்கல் உள்ள வேணுகோபாலர் கோயில் ஆகியவற்றை நிழலில் நடந்து பார்த்துவிடலாம். வழக்கமாக ஆட்கள் குறைவாகப் போவது கிருஷ்ணகிரிக்கு. அங்கே உச்சியில் இருக்கும் கவிகை மண்டபத்தின் சாளர மேடையில் உட்கார்ந்தால் ராஜகிரியின் முழு உருவமும் எதிரே தெரியும். ராஜகிரியில் நிற்கிறவருக்கு அது தெரியாது.

ராஜகிரியில் உச்சிக்குப் போகும் வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் இருக்கிறது. மலைக்குக் கமலகிரி என்ற முதற்பெயர் இவளால் வந்தது என்பது மரபு. பக்கத்தில் எருமை பலியிட்ட கல் கிடக்கிறது. பிளவைத் தாண்டி உச்சியில் அரங்கநாதர் சந்நிதியும், காவல் மண்டபமும், கைவிடப்பட்ட ஒரு பீரங்கியும் உள்ளன. சித்திரையில் கமலக்கண்ணிக்குத் திருவிழா எடுக்கும்போது செஞ்சியிலும் சுற்று ஊர்களிலும் இருந்து வரும் பெண்கள் தண்ணீர்க் குடமும் குழந்தையுமாகக் கோட்டை வாயில்கள் வழியே மலை ஏறுகிறார்கள்.